இரண்டு பேர் காணாத விளையாட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்த இலையுதிர் காலத்தில், அம்மா எங்கள் வீட்டுப் புல்தரையை ஒரே பகலில் இல்லாமல் செய்தார்.

அதற்கு முதல் வருடம்தான் சில்க்போர்க் நகர அடுக்குமாடியை விட்டு, நகரத்துக்கு வெளியே சொந்த வீட்டுக்கு வந்திருந்தோம். அடுக்குமாடியில் ஒரே படிக்கட்டில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். உப்புக் கேட்டு வருபவர் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு, உப்பை மறந்து போவார். புது வீட்டில் மணி அடித்தால் அது பார்சல்காரராகத்தான் இருக்கும். அப்பாவுக்கு அது குறையாகவே படவில்லை. அவருக்குப் புல்தரை இருந்தது. வெட்டி முடித்ததும் படம் எடுத்து எஸ்பியர்க்கில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புவார்.

அந்த வருடம் புல்லுக்குள் பாசி ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, குளிர் இறுக முன்னர் பாசியையும் செத்த புல்லையும் வாரி எடுத்துவிட்டு விதை தூவ வேண்டும் என்றார். இரும்புப் பல் வைத்த வாரி ஒன்றையும் இரவல் தந்தார். அப்பா ஒரு ஓரத்தை வாரிப் பார்த்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டார்.

"மிச்சத்தைச் சனிக்கிழமை நான் செய்யிறன். நீர் ஒண்டும் செய்ய வேண்டாம்."

எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. என்னோடு இருப்பதற்காக அம்மா முதியோர் இல்ல வேலைக்கு லீவு போட்டிருந்தார். அப்பாவின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் அம்மா வாரியைக் கையில் எடுத்தார்.

அம்மா பிடித்தால் குரங்குப்பிடி. முதலில் பாசி வந்தது. பிறகு செத்த புல் வந்தது. பிறகு உயிரோடு இருந்த புல்லும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. பைகளில் அள்ளிப் போடுவது என் வேலை.

"காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ," என்று டேனிஷில் சொன்னேன்.

"முத்தத்திலை புல் நிண்டால் அது ஆளில்லாத வீடு எண்டுதான் எங்கடை ஆக்கள் சொல்லுவினம்," என்று அம்மா தமிழில் சொன்னார். எங்கள் வீட்டில் கதை எப்போதும் இப்படி இரண்டு பாஷையில்தான் நடக்கும்.

பின்னேரம் மூன்று மணிக்கு முற்றம் வெறும் மண்ணாகிவிட்டது. அம்மா தண்ணீர் தெளித்து, தும்புத்தடியால் கூட்டினார். அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு வாரியின் பிடியால் மண்ணில் நீளமாகக் கோடு கீறினார். குறுக்கே நாலைந்து கோடுகள்.

"வா பிள்ளை, கிளித்தட்டு விளையாடுவம்."

கோடைகாலத் தமிழ் விளையாட்டு விழாவில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். கோடுகளில் நின்று மறிக்க ஒரு கூட்டம் வேண்டும், பெட்டிகளைத் தாண்டி ஓட இன்னொரு கூட்டம் வேண்டும்.

"அதுக்கு ரெண்டு பேர் காணாது, கன ஆக்கள் வேணும். இஞ்சை ஆர் இருக்கினம்?" இதை மட்டும் ஏனோ தமிழில் கேட்டேன்.

"நீ மறி. நான் தாண்டுறன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்தார். மண்ணைப் பார்த்தார். அம்மா சிரித்து, கோப்பி குடிக்க வரச் சொல்லித் தன் டேனிஷில் கூப்பிட்டார். அவர் இன்னொரு நாளைக்கு என்று கையை உயர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு மானம் போனது. வகுப்புப் பிள்ளைகள் யாராவது சைக்கிளில் வந்து பார்த்தால் என்ன செய்வது? பையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

குசினி யன்னலால் பார்த்தேன். மழை ஜாக்கெட்டோடு அம்மா தனியாகப் பெட்டிகளைத் தாண்டிக்கொண்டிருந்தார். யாரோ மறிப்பதுபோல இடமும் வலமும் ஏய்த்து, கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய் நின்றார். திரும்பி யன்னலைப் பார்த்தார். நான் குனிந்து ஒளித்துக்கொண்டேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது கோடுகளைக் கூட்டி அழித்துக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு வேலையால் வந்த அப்பா, மறுநாள் விடிந்து முற்றத்தைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "கோயில் வீதி மாதிரியெல்லோ கூட்டி வைச்சிருக்கிறீர்," என்றார். பிறகு விதை தூவி, சுற்றிவரக் கயிறும் கட்டினார். வசந்தத்தில் புல் முன்னையைவிட அடர்த்தியாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மெச்சினார், அப்பா அந்தப் புகழைத் தனக்கே வைத்துக்கொண்டார். அம்மா அதற்குப் பிறகு அந்தப் புல்லில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

விடுமுறையில் பிள்ளைக்குப் பொழுது போகவில்லை என்றுதான் அம்மா கூப்பிடுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு வேண்டாமென்றால் விஷயம் அதோடு முடிந்தது என்றும் நினைத்தேன். விளையாட ஆள் தேடியது அம்மாதான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.