மாப்பிள்ளையின் வம்சம் விசாரிக்கப் புக்கிட் பெலிம்பிங் வரை

டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலை எட்டேகால். புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டு வாசலில் முருகையாவின் வாடகைக் கார் வந்து நின்றது. போய்வர வாடகை நூற்றிருபது வெள்ளி என்று பேச்சு. கோல சிலாங்கூரில் மீன் வாங்கப் போவதாக மகள் கவிதாவிடம் சொல்லியிருந்தேன். பொய்தான். அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் ஜோயலின் குடும்பத்தை விசாரிக்கக் கிளம்பினேன். ஒரு குறை கிடைத்தாலும் கல்யாணப் பேச்சை அதோடு முறித்துவிடுவது என்று முடிவு.

ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று இருபது வருடமாகப் பார்க்கிறேன். என்னிடம் போய் ஜோயலின் அம்மா ரோஸ்லின் போனில், “நேர்ல வாங்கக்கா, சொல்றோம்” என்றால் சந்தேகம் வராதா? நான் கேட்டது நம் ஆட்கள் எல்லாரும் கேட்பதுதான்: எந்த எஸ்டேட், அதில் எந்த லயத்து வரிசை வீடு, வேலை வாங்கிய மண்டோர் யார். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் சாதியை வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம்.

ஒன்பதரைக்குப் பெஸ்தாரி ஜெயாவில் தேநீர், கோப்பை இரண்டு வெள்ளி.

போகிற காரியத்தைச் சொன்னதும், “மதம் பாக்கலியாக்கா?” என்றார் முருகையா.

“அதக்கூட முழுங்கிடுவேன். ஆளு யாருன்னு தெரியாம எப்படிலா பொண்ணு குடுக்கிறது?”

“வேதக்காரங்க வம்சமெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா.”

பத்தரைக்குப் புக்கிட் பெலிம்பிங். மீட்டர் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. முருகையா காரிலேயே இருந்துகொண்டார். ஜோயலின் அப்பா தேவராஜ் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் ஆராதனையில் வாசிக்க வேண்டிய வேதப் பகுதியைக் கூடத்தில் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் அத்தனையும் வம்சம்! ஆபிரகாமிலிருந்து தாவீது ராஜா வரை பதினான்கு தலைமுறை, அங்கிருந்து சனங்கள் சிறைப்பட்டுப் போன காலம் வரை பதினான்கு, பிறகு கிறிஸ்து வரை பதினான்கு.

“இவ்வளவு சரியா வந்தா யாரோ வெட்டி ஒட்டியிருக்காங்கண்ணே” என்றேன்.

“ஆமா, நடுவுல மூணு ராஜாவ விட்டுட்டாங்க” என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுப்பார் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

பட்டியலில் நான்கு பெண்களும் வந்தார்கள்; யார் யார் என்று அவரே சொன்னார். தாமார் மாமனாருக்கே பிள்ளை பெற்றவள். ராகாப் விலைமாது. ரூத் வேற்று இனத்தாள். நான்காமவள் உரியாவின் மனைவி. கணவன் இருக்கும்போதே ராஜா அவளை அழைத்துக்கொண்டான். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் இப்படி ஒரு பெயரை எடுத்தால் தாம்பூலத் தட்டு வாசலோடு திரும்பிவிடும்.

ரோஸ்லின் காப்பி கொண்டுவந்தார். தாவீதின் வம்சத்தில், பெத்லகேமில், கன்னி வயிற்றில் மேசியாவான கிறிஸ்து பிறப்பார் என்று தீர்க்கதரிசிகள் பல நூறு வருடம் முன்பே சொன்னதாக விளக்கினார்.

“எங்க ஜோசியரும் கல்யாணம் ஆன பிறகு பொருத்தம் நல்லா சொல்வாரு” என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. “பட்டியல் யோசேப்புகிட்ட வந்து முடியுது. ஆனா பிள்ளை யோசேப்புக்குப் பொறக்கலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் தாவீது வம்சம் எங்கேர்ந்து வந்துச்சு?”

ரோஸ்லின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“யோசேப்பு மரியாள விட்டுடலாம்னுதான் இருந்தாருக்கா” என்றார் ரோஸ்லின். “தேவதூதன் கனவுல வந்து, பிள்ளைக்கு நீ பேர் வையின்னு சொன்னாரு. வச்சாரு. தன் பிள்ளைன்னு ஏத்துக்கிட்டுப் பேர் வச்சா அவர் வம்சந்தான்.” தேவராஜைப் பார்த்துவிட்டு, “எங்க ஜோயலும் அப்படித்தான். அஞ்சு நாள் பிள்ளையா கெர்லிங் பக்கம் ஒரு பொண்ணுகிட்டேர்ந்து வாங்கிட்டு வந்தோம். எந்த லயம், என்ன ஆளுங்கன்னு நாங்க கேக்கல. முறைப்படி பதிஞ்சு இவரு பேரப் போட்டோம். அத போன்ல சொல்ல மனசு வரல” என்றார்.

அகப்பட்டது என்று என் மனம் ஒரு குதி குதித்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இது போதும், கவிதாவிடம் சொல்லி இன்றே முறித்துவிடலாம்.

“கவிதாவுக்குத் தெரியும்” என்றார் தேவராஜ். “ரெண்டு வருஷம் முன்ன முதல் தடவ சாப்பிட வந்தப்பவே ஜோயல் சொல்லிட்டான். இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தா.”

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. என் மகள் இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினேன். கன்னி பெற்றாள் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. அது அவர்கள் பாடு. ஆனால் அவர்கள் வீட்டில், வேதத்திலும் சரி, பிள்ளை விஷயத்திலும் சரி, கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். என் வீட்டில் இரண்டு வருடமாக ஒருத்தி வாய் திறக்கவில்லை. முறிக்கும் எண்ணம் போய் எனக்கு அழுகைதான் வந்தது.

செம்பனைக் காடு தொடங்கும் இடத்தில் அவளை அழைத்தேன்.

“கவிதா, நான் ஜோயல் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்.”

பதறிப்போய், “அம்மா, அவங்கள என்ன கேட்ட?” என்றாள். என் பிள்ளைக்கு என்மேல் இவ்வளவு பயம்.

“கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்கம்மா” என்றேன். “நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா இன்னிக்குப் போன மாதிரி அன்னிக்கே முறிக்கக் கிளம்பிப் போயிருப்பியேம்மா” என்றாள்.