அக்காவின் கன்னத்து மங்கு

மதுரையில் தோல் டாக்டரின் அறையில் அன்று இருந்தது அக்கா, அம்மா, நான், என் மடியில் அக்காவின் மூன்று வயது மகன். இல்லாதவர் மச்சான் ஒருவர்தான். அவர் குவைத்தில் வெல்டிங் வேலையில் இருந்தார். அவருக்குத் தெரியாமல்தான் போயிருந்தோம்.

பிள்ளை பிறந்த பிறகு அக்காவின் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. முதலில் நிழல் மாதிரி இருந்தது, பிறகு காப்பித்தூளைக் குழைத்து அப்பியது போல் ஆகிவிட்டது. மச்சான் புறப்பட்டபோது இவ்வளவு இல்லை. அதனால் வீடியோ காலில் அக்கா முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டுக்கொண்டுதான் பேசுவாள். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. இப்போது அவர் லீவில் வருகிறார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நேர்ல வந்தா என்னத்தடா போடுவேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

முதல் தடவை போனபோது டாக்டர் கிரீம் மட்டும் கொடுத்தார். இரண்டாவது தடவையான அன்றுதான் 'பீல்'. முகத்தில் ஏதோ அமிலத்தைத் தடவி, சில நிமிடத்தில் துடைத்துவிட்டார். "மூணாம் நாள் தோல் உரியும். தானா விழட்டும். வெயில் ஆகாது, மஞ்சள் ஆகாது, எதையும் தேய்க்கக் கூடாது." கையில் கொடுத்த இங்கிலீஷ் தாளை எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். தமிழில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் வாயோரம் தொடங்கி, பழைய சுண்ணாம்பு பெயர்வது போல் உரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா உள்ளே வந்தாள்.

"ஏத்தா, என்ன மூஞ்சி இப்பிடிக் கெடக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் மாமியார் இருப்பது பாளையம்பட்டியில். எங்கள் ரெட்டியபட்டியில் சொன்னது ஷேர் ஆட்டோவில் ஏறிச் சாயங்காலத்துக்குள் அங்கே போய்விடும். 'எம் மகன் வெந்து சம்பாரிக்கிற காசுல மூஞ்சிக்குப் பாலீஷ் போடுறா' என்று அவுக சொல்வது எனக்கு இங்கேயே கேட்டது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அம்மை போட்டிருக்கு பெரியம்மா."

பங்குனி மாதம். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா பேரைச் சொல்லியாடா பொய் சொல்லுவ? இதுக்குத்தான் ஒன்னய காலேசுக்கு அனுப்புனமா?" திட்டிக்கொண்டே போய் வேப்பங்குலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். "சொன்ன பெறகு செருகாம இருந்தா அது இன்னும் குத்தம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் செல்போன் டார்ச்சை அடித்து அக்கா முகத்தைப் பார்த்தேன். "போடா, ஒன் வெளிச்சத்துலயே கருத்துருவேன்" என்று விரட்டினாள்.

ஐந்தாம் நாள் காலையில் பெரியம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த உருண்டையோடு வந்துவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளாம்.

"மஞ்சள் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்க பெரியம்மா."

"அம்மைக்கு மஞ்சள் ஆகாதுன்னது எந்தக் கூறுகெட்ட டாக்டருலே?"

பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மாவைப் பார்த்தேன். ஆத்தாளுக்குச் செய்வதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அக்கா தானாகவே முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பச்சைத் தோலில் பெரியம்மா அழுத்தித் தேய்த்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். எந்தச் சாமிக்கும் அது கேட்டிருக்கும்.

பத்து நாளில் முகம் முன்னைவிடக் கருத்தது. மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்குப் பீல் பத்தி நெனைக்காதீங்க. கிரீமும் சன்ஸ்கிரீனும்தான்."

மச்சான் வர இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் மச்சானின் போன் வந்ததும், அக்கா அதை என்னிடம் கொடுத்து, "அந்த ஃபில்டரை எடுத்து விடுடா" என்றாள். எடுத்தேன். அவள் வாசல் வெளிச்சத்தில் போய் நின்று முகத்தைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"நெட்டு போயிருச்சோ?" என்றாள் அம்மா.

"இல்லத்தே, இருக்கேன்." மச்சான் குரல் தணிந்து வந்தது. "ஏப்பிள்ள, இதுக்குத்தான் இம்புட்டு நாளா வெள்ளவெளேர்னு தெரிஞ்சியா? போனுல கோளாறுன்னு நான் டிஸ்ப்ளே வேற மாத்துனேனே!"

அக்கா சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. தொடக்கம் முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எரிஞ்சுச்சா?"

"ம்."

"சரி விடு. நான் வரும்போது வெயில்ல ஏர்போட்டுக்கு வந்து நிக்காத." பிறகு கேட்டார்: "ஆமா, எம்புட்டு ஆச்சு?"

அக்கா போனை என் பக்கம் திருப்பினாள். டாக்டர் பீஸ், பீல், கிரீம்கள், பஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "அதையும் சொல்லுடா" என்று அம்மா இடித்தாள். என் பொய்க்காக மாரியம்மன் கோயிலில் அவள் காணிக்கையாக வாங்கிப் போட்ட வெள்ளி முகத்தையும் சேர்த்தேன். மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.