ஆயுத பூஜைக்கு வச்ச ஈயக்குண்டு

எங்க வீட்டுக்காரருக்குக் கொழம்புல உப்பு கூடுனா தெரியாது. வச்சதத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. ஆனா ஈயக்குண்டுல ஒரு சொட்டு எண்ணெய் கூடிட்டா, விரலால உருட்டிப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. இப்படி ஒரு மனுஷனக் கட்டிக்கிட்டு ராஜபாளையத்துல முப்பது வருசமா காலந்தள்ளுதேன்.

நூல் மில்லுல ஃபிட்டரா இருந்தாரு. ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தவரு மொத ஆறு மாசம் டிவி முன்னாடி உக்காந்தே கிடந்தாரு. என்ன ஓடுதுன்னு கேட்டா தெரியாது. சாப்பிட வாங்கன்னா "ம்". பேரனுக்கு மொட்டைன்னா "ம்". எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துச்சு. நல்லா இருந்த மனுஷன் இப்படியே ஒடுங்கிப் போயிருவாரோன்னு எம்புட்டு நாள் தைக்கிற துணிய மடியில வச்சுக்கிட்டு அழுதிருக்கேன்.

அப்பத்தான் ஏர்கன்னு ஒரு காத்துத் துப்பாக்கி வீட்டுக்கு வந்துச்சு. எங்க அண்ணன்தான் ஆசை காட்டி விட்டது. பட்டாளத்துல இருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடியிருக்கு. மம்சாபுரம் போற வழியில ஒரு தென்னந்தோப்பு. அங்க மண்மேட்டுல தகர மூடிய வரிசையா நட்டுச் சுடும். இவரு ஒரு நாள் கூடப் போயிட்டு வந்தாரு, மறுநாளே பேச்சு வந்திருச்சு. ஆனா பேசுறது பூரா குண்டப் பத்தி.

சாதாரண ஏர்கன் குண்டு இடுப்பு ஒடுங்கி இருக்குமாம். இவரு வாங்குறது ஸ்லக்கு. நேரா, கனமா, அடியில ஒரு சின்னக் குழியோட இருக்கும். டப்பாவுல வரும்போதே ஈயப்பொடியும் பிசிறும் ஒட்டியிருக்கும், அப்படியே சுட்டா ஒண்ணு ஒரு பக்கம் போகும், இன்னொண்ணு இன்னொரு பக்கம் போகும்பாரு. அதனால வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் வெளக்குற சோப்பு விட்டு அலசணும். தேய்க்கக் கூடாது, ஈயம் நசுங்கிரும். நல்ல தண்ணியில ரெண்டு தடவ அலசி, பேண்டேஜ் துணியில பரத்தி, ஃபேனுக்கு அடியில காய வைக்கணும். பேண்டேஜ் துணி நெய்யிற எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்? நல்லாக் காஞ்ச பொறவு, டப்பாவுல ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதுல குண்டப் போட்டு மெல்ல உருட்டணும். கை பட்டா வழுக்கக் கூடாது, ஆனா பளபளன்னு இருக்கணும். பெத்த பிள்ளைக்கு இந்த மனுஷன் ஒரு நாள் எண்ணெய் தேச்சு விட்டதில்ல!

ஈயத்தத் தொட்ட கையோட அடுப்பாங்கரப் பக்கம் வந்தா நடக்குறதே வேறன்னு நான் கத்துவேன். தனி பேசின், தனி சோப்பு, எல்லாம் பின்வாசல்ல. "இந்தச் சனியன் எப்ப வீட்ட விட்டுப் போகுமோ"ன்னு வாய்க்கு வந்ததச் சொல்லுவேன். வாய்தான் சொல்லும். ஃபேனுக்கு அடியில குனிஞ்சு உக்காந்து மெதுவாப் பாட்டு முணுமுணுப்பாரு பாருங்க, அதக் கேட்டா மனசு நெறஞ்சிரும்.

விஜயதசமிக்கு விஜயதசமி அண்ணனும் இவரும் தோப்புல போட்டி போடுவாக. ஆளுக்குப் பத்துக் குண்டு. ரெண்டு வருசம் அண்ணன்தான் ஜெயிச்சது. போன வருசம் இவரு ரோசப்பட்டு, "மச்சான், இந்தத் தடவையும் தோத்தா துப்பாக்கிய ஒங்க கையிலயே குடுத்துட்டு ஒதுங்கிக்கிடுதேன்"னு வாய விட்டுட்டாரு. அண்ணனும் சரின்னுருச்சு. இவரு சொன்னாச் செஞ்சுருவாரு. துப்பாக்கி போனா மறுபடியும் டிவிதான், "ம்"தான். எனக்குச் சோறு எறங்கல.

ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானமே ஒரு டப்பாவுல பத்துக் குண்டு தயார் பண்ணி வச்சுட்டு, பழைய மில்லுல பூஜைக்குக் கூப்பிட்டாகன்னு போயிட்டாரு. நான் என்ன செஞ்சேன்? தையல் மிஷின், கத்தரிக்கோல், அருவாமனை, துப்பாக்கி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். குண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? டப்பாவத் தொறந்து பத்துக்கும் பொட்டு வச்சு, ஜெயிச்சுக் குடுங்க சாமின்னு கும்பிட்டுட்டேன். பூஜையில வச்சத மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதுல்ல, அவரும் தொறந்து பாக்கல.

விடிஞ்சு, அவரு குளிக்கப் போன நேரம் தொறந்தேன். அய்யய்யோ! சந்தனம் காஞ்சு அப்பியிருக்கு. எண்ணெயில குங்குமம் ஊறி களியாக் கிடக்கு. கையும் ஓடல, காலும் ஓடல. பேசின எடுத்து அலசி, என் சேலை முந்தியில தொடச்சு, தையல் மிஷின் எண்ணெய ஊத்துனேன். ஒரு சொட்டாம்ல, பதட்டத்துல எங்க எண்ணுறது? மூடி வச்சுட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி அவரோட தோப்புக்குப் பஸ் ஏறிட்டேன்.

அண்ணன் மொதல்ல சுட்டுச்சு. பத்துக்கு ஏழு மூடி விழுந்துச்சு. பொறவு இவரு துப்பாக்கியோட குப்புறப் படுத்தாரு. மொதக் குண்டு மண்ணுல, ரெண்டாவதும் மண்ணுல, மூணாவது எங்க போச்சுன்னே தெரியல. டப்பாவுக்குள்ள உத்துப் பாத்தாரு. தலையத் திருப்பி என்னயப் பாத்தாரு. நான் தென்னமரத்தப் பாத்தேன். தோள்ல கிடந்த துண்ட எடுத்து மிச்ச ஏழையும் ஒவ்வொண்ணாத் தொடச்சாரு. ஏழுல ஆறு மூடி விழுந்துச்சு. ஒண்ணே ஒண்ணுல தோல்வி.

எந்திரிச்சாரு, துப்பாக்கிய அண்ணன் கையில குடுத்தாரு. "இந்தாங்க மச்சான். சொன்னாச் சொன்னதுதான்"னு சிரிக்காரு. கண்ணு சிரிக்கல.

எனக்குப் பொறுக்கல. "அண்ணே, அதக் கீழ வை"ன்னு கத்துனேன். பொட்டு வச்சது, கழுவுனது, எண்ணெய ஊத்துனது, அம்புட்டையும் கொட்டிட்டேன். "தோத்தது அவரு இல்ல, நான்." அண்ணன் வரப்புல உக்காந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. "குண்டுக்குப் பொட்டு வச்சியாட்டி? பூ வைக்கலியா?"

இவரு மட்டும் சிரிக்கல. "எனக்குத் தெரியும்"னாரு. "காலையில நான் குளிச்சுட்டு வரையில பின்வாசல்ல பேசினோட உக்காந்திருந்தியே, மூணாவது குண்டு போகையிலதான் வெளங்குச்சு. குழிக்குள்ள சந்தனம்."

"தெரிஞ்சும் ஏங்க வாயத் தொறக்கல?"

"எனக்காகத்தான சாமி கும்பிட்ட. அதப் போயி ஒங்க அண்ணன் முன்னாடி குத்தம் சொல்லவா?"

கிறுக்குப் பிடிச்ச மனுஷன்! அம்புட்டு ஆசையா வச்சிருந்தத தூக்கிக் குடுக்கத் துணிஞ்சாரு, என்னய ஒரு வார்த்த சொல்ல மனசு வரல. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அண்ணன் சிரிப்பும் நின்னு போச்சு. எந்திரிச்சு வந்து, துப்பாக்கிய அவரு கையில குடுக்காம என் கையில குடுத்துச்சு.

"இத நீ வச்சுக்க. மாப்பிள்ள கையில குடுத்தா ஒனக்காக இன்னொருத்தன் கையில குடுத்துருவாரு."

ராஜபாளையம் பஸ்ஸுல என் மடியிலதான் இருந்துச்சு. எம்புட்டுக் கனம்! கை வலிக்கும், குடுன்னு ரெண்டு தடவ கேட்டாரு. நான் குடுக்கல.