ஹெல்மெட் கழற்றாத வாடிக்கையாளர்

கோவிலம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்த ஒருநாளும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றியதில்லை. தேய்த்த முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள். பெண்கள் யாரும் கடையில் இல்லாத நேரம் பார்த்து வந்து, அரிப்புக்குக் களிம்பு கேட்பார்.

பி.ஃபார்ம் முடித்த புதிது. என்னால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. "எங்க சார் அரிப்பு?" என்றேன்.

குரல் தாழ்ந்தது. "கீழதான்ப்பா. என் வொய்ஃப்கூட இருந்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் எரியுது, தோல் உரியுது. இந்த நோயை நீ எங்கேர்ந்து வாங்கிட்டு வந்தேன்னு அவளையே கேட்டுட்டேன். அன்னையிலேர்ந்து முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறா."

"முடிஞ்சதும் எதால கழுவுறீங்க?"

"புண்ணு கழுவுற லோஷன்தான். தண்ணி கலக்காம."

"ஐயோ சார், அதுதான் உங்க தோலைப் பொசுக்குது!" என்று கத்தியேவிட்டேன். தோல் டாக்டரிடம் அனுப்பினேன்.

அடுத்த மாதம் வந்தார். "டாக்டரும் அதையேதான் சொன்னாரு. லோஷனை நிறுத்தினேன், சரியாயிடுச்சு."

"சூப்பர் சார்! மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு சொல்ல, தப்பு என்னோடதுன்னா? ஏதாவது சத்து மாத்திரை ஒரு அட்டை குடு. அவ சாப்பிடட்டும். அவகிட்டேர்ந்து வந்த நோய் அதுல சரியானதா இருக்கட்டும்."

தர மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டோடு சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார்.

அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. மாத்திரையை மறந்துடாதே என்று அவர் தினமும் அக்கறையாக நினைவூட்டுவார் என்றே தோன்றுகிறது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.