எதிர்வீட்டு வாசல்

எனக்குக் கோலம் போட வராது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த செய்தி. நான் வைக்கும் புள்ளிகள் ரேஷன் கடை வரிசை மாதிரி வளைந்து நெளிந்து, முடிவில் ஒன்றிரண்டு சாக்கடைப் பக்கம் போய் நிற்கும். அப்படிப்பட்ட என்னை நம்பி, நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷத்து வைகாசியில், எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலைப் பதினோரு நாள் ஒப்படைத்தார்கள். ஊரில் அப்போது கொரோனாவின் இரண்டாவது அலை. கோவிலில் யாரையும் உள்ளே விடவில்லை. காவிரிப் பாலத்தில் ஆம்புலன்ஸ் போகிற சத்தத்தைத் தவிரத் தெருவில் வேறு சத்தமே இல்லை.

கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குக் குழந்தை இல்லாததால் நான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் செல்லம். சித்தப்பா திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஊர் முழுவதும் பூட்டியபோதும் அந்தக் கடையை மட்டும் பூட்ட முடியவில்லை. கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர்களில் யாரோ ஒருவர் நோயையும் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவரைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய ஃபோன் பழுதாகிக் கிடந்ததால் சித்தியின் ஃபோனை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் சித்திக்கும் நோய் என்று சொல்லிவிட்டார்கள். வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சித்தி மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தட்டை மேல்படியில் வைத்துவிட்டு ஆறு படி இறங்கி நின்று, "சித்தி" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் கதவைத் திறந்து தட்டை எடுத்துக்கொண்டு, விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்சிஜன் எண்ணைச் சொல்வார். தொண்ணூற்று இரண்டு. சில வேளை தொண்ணூற்று ஒன்று. அதை நான் நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்ட, அவர் டாக்டருக்கு ஃபோனில் சொல்வார்.

இரண்டு நாள் கழித்து, விடிவதற்குள் ஃபோன் வந்தது. சித்தப்பா போய்விட்டார்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா முதலில் செய்த காரியம், தொட்டி முற்றத்துக் குழாயை முழுசாகத் திறந்து வைத்ததுதான். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகைச் சத்தம் மாடிக்குக் கேட்காது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அந்த எண் தொண்ணூற்று ஐந்தைத் தாண்டி நிலையாக நிற்கும்வரை சித்திக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தாயிற்று, இன்னொருவரையும் கொடுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு வாசல் ஞாபகம் வந்தது. சித்தியின் அறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. துக்கம் நடந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள். ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறக்கிற சித்தி வெறும் வாசலைப் பார்த்தால், யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை.

"துக்கம் நடந்த ஆத்து வாசல்ல என்னால கோலம் போட முடியாது. கை வராது" என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "குழந்தைதானே. அவ போடட்டும்."

சித்தப்பா கடையிலிருந்து எனக்கென்று காலி மருந்துப் பெட்டிகள் கொண்டுவருவார். அவற்றை அடுக்கி நான் ஒரு ஊரே கட்டியிருந்தேன். அவர் போய்விட்டார் என்று கேட்டதும் எனக்கு அந்த ஊருக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கையில் கோலமாவு டப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். அழுவதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

அப்பா எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவர். எதிர்வீட்டில் இருப்பவர்கள் எங்கள் பங்காளிகள். அப்பாவின் தாத்தாவும் அந்த வீட்டுப் பெரியப்பாவின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொல்லி, யாரும் வர வேண்டாம், வாசலில் நின்று அழ வேண்டாம், மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டார்கள். பிறகு அப்பா தனியாகப் போய், பையில் கட்டியிருந்த தம்பியைத் தூரத்தில் நின்று எரித்துவிட்டு, மத்தியானத்துக்குள் ஈரத்தலையோடு வந்துவிட்டார்.

அன்று காலை நான் போட்ட கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மாடியிலிருந்து சித்தியின் குரல் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"ஏண்டி, மன்னி எங்கே?"

"அம்மாவுக்கு முட்டி வலி."

நிமிர்ந்து பார்த்தேன். சித்தி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "சரி. நாளைக்குப் புள்ளியை நெருக்கி வை. நான் மேலேந்து சொல்றேன்."

அதன்பின் தினமும் காலையில் சித்தி ஜன்னலில் நின்று சொல்லச் சொல்ல, நான் இழுத்தேன். அஞ்சு புள்ளி, ஏழு புள்ளி என்று வளர்ந்தது. என் கோலம்தான் அப்போது தெருவிலேயே பெரியது என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. வழக்கமாக எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கோலத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த நாட்களில் அவர்கள் வாசல் தண்ணீர் தெளித்ததோடு சும்மா கிடந்தது. போட்டி இல்லை என்று சந்தோஷப்பட்டேன். துக்க வீட்டில் கோலம் போட்டுவிட்டுப் போட்டியைப் பற்றி யோசித்திருக்கிறேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோலம் முடிந்ததும் படியில் கேள்வி நேரம்.

"அவர் எப்படி இருக்காராம்?"

"நன்னா இருக்காராம். ஐசியூல ஃபோன் கொடுக்க மாட்டாளாம். நர்ஸ் அப்பாகிட்ட சொன்னா."

"என்ன சாப்பிட்டாராம்?"

"ரெண்டு இட்லி."

"தொட்டுக்க?"

இதற்கு அப்பா எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "மிளகாய்ப்பொடி வேணும்னு அடம் பிடிச்சாராம்" என்றேன். கதவுக்குப் பின்னால் சித்தி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. மறுநாளும் அதேபோல் கேட்டார், நானும் விடவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கிரிக்கெட் பேசினார் என்றேன். ஆஸ்பத்திரிச் சாத்தமுதில் உப்பே இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார் என்றேன். செத்துப்போன சித்தப்பாவை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்திக்கொண்டு வந்தேன். சித்தியின் எண்ணும் ஏறிக்கொண்டே வந்தது. தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு. இதெல்லாம் என் சாமர்த்தியத்தால்தான் என்று நம்பினேன்.

அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். அந்த வாரமும் கூடத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். கொள்ளைநோய்களின் வரலாறு, வேளை பார்த்துத்தான் அந்தப் பாடம் வந்து சேர்ந்தது. காலராவுக்குப் பயந்து ஜனங்கள் ஊரையே காலி செய்துகொண்டு போனது, விஷக்காய்ச்சல் வந்தபோது எரிக்க விறகு போதாமல் போனது எல்லாம் சொன்னார். பிளேக் வந்த ஊர்களில் அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள், அதனால் ஜனங்கள் சாவையே மறைத்தார்கள் என்றார். ஒரு மாணவி கேட்டாள். "சத்தம் வெளியில கேக்காம எப்படி சார் அழுதிருப்பாங்க?"

அப்பா முற்றத்துக் குழாயைப் பார்த்தார். "அது புஸ்தகத்துல இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் படியடியில் நின்று என் கேள்வி நேரத்தைக் கேட்டுவிட்ட அப்பா, என்னைத் தனியே கூப்பிட்டார். "ரொம்ப ஜோடிக்காதே. எண் மூணு நாளாத் தொண்ணூத்தஞ்சுக்கு மேலே நிக்கறது. நாளைக்கு அவகிட்ட உண்மையைச் சொல்லணும். அப்புறம் எல்லாம் சேர்ந்து அவளை அறுக்கும்."

பதினோராம் நாள் காலை எண் தொண்ணூற்று ஆறு. எதிர்வீட்டுப் பெரியம்மா மறுபடி கோலம் போட்டிருந்தார், என்னுடையதைவிடப் பெரிதாக. எனக்கு அதில் ஏக எரிச்சல். அன்று சித்தி இட்லியைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் நின்றார்.

"எனக்கு ஏதாவது சொல்லச் சொன்னாராடி?"

அப்பாவின் எச்சரிக்கை ஞாபகத்துக்கு வந்தது. பசி வேறு. "ஒண்ணும் சொல்லலை, சித்தி" என்றேன். சித்தி தலையாட்டினார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் சித்தி குளித்துவிட்டுக் கீழே வந்தார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, பத்து நாளாக மனதுக்குள் தயார் செய்த வாக்கியத்தை ஆரம்பிக்கப் பார்த்தார். சித்தி விடவில்லை.

"வேண்டாம் அண்ணா. மொத நாளே தெரிஞ்சுடுத்து. நம்மாத்து வாசல்ல கோலம் இருந்துது. எதிராத்துல இல்லை."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் எந்த வாசல் கோலத்தையும் நின்று பார்த்தவரில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு. அந்த வீட்டிலும் கோலம் கிடையாது. எதிர்வீட்டில் வாயைக் கட்டினார்கள், அழுகையைக் கட்டினார்கள். கோலத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

"பத்து நாள் எண்ணிண்டே இருந்தேன். ஒருவேளை எதிராத்துலயும் யாருக்காவது உடம்போன்னு பார்த்தேன். இன்னிக்குப் பதினொண்ணு. கோலம் வந்துடுத்து" என்றார் சித்தி. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். குழாயைத் திறக்க யாரும் ஓடவில்லை.

எனக்கு வந்தது கோபம். எல்லாம் தெரிந்துகொண்டே என்னை இத்தனை நாள் கதை சொல்ல வைத்து முட்டாளாக்கிவிட்டாரே என்று ஒரு வாரம் நான் சித்தியோடு பேசவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு அவமானம் துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சித்தி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். வாசல் கோலம் அவர் கைதான். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது மிதிக்காமல் தாண்டிப் போவேன். சில நாள் தாண்டும்போது அந்தப் படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்துவிடும். தெரிந்த பிறகும் அவர் ஏன் தினமும் கேட்டார் என்று அன்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. என் சித்தப்பா அந்தக் கதவுக்கு வெளியே என் வாயில் மட்டும்தான் உயிரோடு இருந்தார். அந்த இட்லியையும் மிளகாய்ப்பொடியையும் சித்தி பொய்யென்று தெரிந்தே வாங்கிக்கொண்டார். கடைசி நாள் தனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டார். பத்து நாள் வாய் கூசாமல் பொய் சொன்ன நான், அன்று மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு இட்லி தின்னப் போய்விட்டேன்.