ஐந்துக்கு ஐந்து

நான்காம் வகுப்பில் எனக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போவது. இன்னொன்று எங்கள் வீட்டு சோபாவில், சாயங்காலம் ஐந்தரைக்கு அம்மா நடத்துவது. முதலாவதில் நான் சுமார்தான். இரண்டாவதில் என்னை மிஞ்ச ஆளில்லை, ஏனென்றால் வேறு மாணவர்களே கிடையாது.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி. ஒரு நாள் முட்டி, ஒரு நாள் தோள், ஒரு நாள் விரல்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் இரண்டு டாக்டர்கள் வெறும் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து உட்காரும்போது சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தால், "உன் கவனம்லாம் எங்க இருக்கு?" என்பார்.

சாயங்காலம் வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்துப் படுத்தபடி கேள்வி கேட்பாள். "இன்னிக்குக் காலையில எனக்கு எந்த முட்டி வலிச்சது? காலை மாத்திரையை டிஃபனுக்கு முன்னாடி போட்டேனா, அப்புறமா?" தினம் ஐந்து கேள்விகள். விடைகளை என் பழைய ரஃப் நோட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் டிக் போடுவாள். ஐந்துக்கு ஐந்து வாங்கினால் ஒரு பெண்ணெ பிஸ்கட். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு எங்கள் பேக்கரியில் அதுதான் பெயர். ஒரு நாளும் நான் அதைக் கோட்டை விட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் குறும்பு தலைக்கேறியது. காலையில் அம்மா இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்திருந்தும் "வலது" என்றேன். அதற்கும் டிக் விழுந்தது. விடை திருத்துவதில் அம்மாவுக்குத் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன்.

அந்த வாரமே புது டாக்டரம்மா ஒருவரைப் பார்க்கப் போனோம். அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்தார். "நோவு எல்லெல்லி இதே? யாவாக ஜாஸ்தி?" என்று டாக்டரம்மா கேட்டார். எங்கெங்கே வலி, எப்போது அதிகம் என்ற கேள்விதான். அம்மாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வாய் திறக்காமல் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ரிப்போர்ட் இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, என் நோட்டு மட்டும் இல்லை. அதை சோபாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். "காலையில... வந்து... கை..." என்று நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

"இவளுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது டாக்டர்," என்றார் அப்பா. டாக்டரம்மா பேனாவை மூடினார். இவரும் அனுப்பிவிடப் போகிறார் என்று எனக்கே புரிந்தது.

என் பாடத்தைப் பற்றியல்லவா பேச்சு! எழுந்து கைகட்டி நின்று, இரண்டு வாரத்துக் கதையையும் கன்னடத்தில் ஒப்பித்தேன். எந்த நாள் எந்த மூட்டு, எந்த மாத்திரைக்கு வாந்தி, எந்தக் காலையில் விரல் மடங்காமல் எனக்கு அவளால் சடை பின்ன முடியவில்லை, எல்லாம். பேனா மறுபடி திறந்தது. செவ்வாய்க்கிழமை வந்ததும் நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

"அம்மா, அன்னிக்கு இடது முட்டி. நான் சும்மா மாத்திச் சொல்லிட்டேன். ஒரு மார்க் கொறச்சுக்கோ."

அம்மா சிரித்தாளா அழுதாளா தெரியாது. வலியைப் பார்க்காமல் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். இந்த வலி நிஜம், இவ்வளவு வலியில் மனசு ஒன்றில் நிற்காது, மறதியும் அதோடு சேர்ந்து வருவதுதான், அலட்சியம் இல்லை என்றார். வெளியே வந்ததும் அப்பா அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு பேக்கரியில் முழு பாக்கெட்டே கிடைத்தது.

அன்று பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் ஞாபகசக்தியை நானே மெச்சிக்கொண்டேன். இன்று நான் மெச்சுவது அம்மாவை. காலையில் நடந்தது சாயங்காலம் நினைவில் நிற்காத அந்த நிலையிலும், பெண்ணுக்குத் துளி பாரம் தெரியாமல், அதை ஒரு பரீட்சையாக்கி, பரிசும் வைத்து நடத்தினாளே, அதை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது. அந்த வயதில் எனக்கு அது எட்டவில்லை. கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.