மாத்திரைக்கு முதல்

மைசூரில் என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் "பன்னி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாருங்கள் என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். பதினான்கு வருடத்தில் பழகிவிட்டது. இப்போது கன்னடப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவதும் கன்னடத்தில்தான். பழகிப்போவதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்வதில்லை. கார்டிசால் என்ற ஹார்மோனை உடம்பு சுரக்காது. அதனால் அதை மாத்திரையாக விழுங்கித்தான் உயிரோடு இருக்கிறேன். நோய் தெரிந்த புதிதில், ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண், "நாளெ பன்னி, மாத்ரெகெ மொதலு" என்றாள். மாத்திரை போடுவதற்கு முன்னால் வாருங்கள் என்று அர்த்தம். மாத்திரைதான் முதலில் என்று என் தமிழ்க் காதில் விழுந்தது. சமத்தாகப் போட்டுவிட்டுப் போனேன். விழுங்கிய மாத்திரையே ரத்தத்தில் கார்டிசாலாகத் தெரிந்தது, ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. அன்றைக்கு இருந்த புது டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நாலாம் நாள் கரும்பலகை முன்னால் சாய்ந்தேன். ஊசி போட இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

அதற்குப் பல வருடங்கள் கழித்து, இணையத்தில் தர்ஷினி பழக்கமானாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆஸ்லோவில் இருப்பவள், அவளுக்கும் இதே நோய். ஒரே ரத்தத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு சொல்கிறார்கள், எத்தனை மணிக்கு எடுத்தது, மாத்திரை எப்போது போட்டது என்று யாரும் குறிப்பதில்லை என்பது அவள் ஆத்திரம். டாக்டர்கள் செய்யட்டும் என்று காத்திருக்காமல், பல நாட்டு நோயாளிகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பே தொடங்கிவிட்டாள். ஒற்றைப் பக்கத் தாள்தான் எங்கள் ஆயுதம். சோதனைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். நாடுவாரியாக அடுக்கி மருத்துவர்கள் முன்னால் வைப்போம். தமிழ்த் தாளை அவள் எழுத, நான் சரிபார்த்தேன். "காலை எட்டு மணி, குளிசைக்கு முதல், இரத்தம்" என்று எழுதியிருந்தாள். குளிசை என்றால் நம் பக்கம் யாருக்குப் புரியும் என்று சிரித்துக்கொண்டே அதை மட்டும் மாத்திரை என்று மாற்றினேன். எனக்கு எமனாக இருந்த "முதல்" என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். ஈழத் தமிழிலும் கன்னடத்திலும் அதற்கு "முன்னால்" என்றே பொருள். என் காதும் எப்போதோ கட்சி மாறியிருந்தது.

போன மாதம், கர்நாடக எல்லையில் தமிழர்கள் இருக்கும் மார்டள்ளியிலிருந்து போன் வந்தது. எங்கள் குழுவில் இருக்கும் விவசாயி பழனிச்சாமியின் மனைவி.

"வாந்தி நிக்கவே மாட்டேங்குதுங்க. கண்ணையே தொறக்க மாட்டேங்கறாருங்க. ரிப்போர்ட்டு நல்லாருக்குது, மாத்திரை வேண்டாம்னுட்டாங்க. மூணு நாளாச்சுங்க."

"ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டாரா?"

"போட்டாருங்க. முதல்ல மாத்திரைன்னு நீங்கதானுங்களே தாள்ல எழுதியிருக்கறீங்க?"

வண்டி பிடித்துக் கொள்ளேகாலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, அங்கிருந்த நர்சிடம் போனிலேயே கன்னடத்தில் கெஞ்சினேன். பிழைத்துக்கொண்டார். தர்ஷினியிடம் சொன்னேன். "எங்கட தமிழில அது சரிதானே அக்கா. நீங்கள் பாத்தனீங்கள்தானே?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பார்த்தேன்தான். அதே சொல்லால் விழுந்து எழுந்தவள்தான் பார்த்தேன். ஊரில் இருந்த வரைக்கும் எனக்கு இருந்த காது இப்போது இல்லை என்பதை ஒரு மனிதரின் உயிரைப் பணயம் வைத்தா தெரிந்துகொள்ள வேண்டும்? வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே தாளைத் திருத்தினோம். மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம், கொடுத்த உடனே மாத்திரை, டாக்டர் ரிப்போர்ட்டோடு இந்தத் தாளையும் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டோம். ஆனால் பழைய தாள் யார் யார் போனில் எந்த ஊருக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டு வாங்கவும் வழியில்லை. புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு எடுக்கிறேன்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஓர் அழைப்பு. சின்னப் பெண் குரல்.

"அக்கா, கோவில்பட்டியில இருந்து பேசுதேன். எனக்கும் இதே சீக்குதான். உங்க தாளுல உள்ளபடியே செஞ்சேன்க்கா. நார்மல்னு வந்துட்டு. நேத்துல இருந்து மாத்திரைய நிறுத்திட்டேன்."

சந்தோஷமாகச் சொன்னாள். என் ஊர்ப் பேச்சு. இத்தனை வருடத்தில் அந்த ராகத்தில் யாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நிறுத்தாதே என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"என்னக்கா சொல்லுதீங்க?" என்றாள் அவள். "எனக்குக் கன்னடம் தெரியாதுக்கா."